ஓடிபி சொல்லாதே என்றால் மட்டும் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

ஆன்லைனில் பொருள் வாங்குவது நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்திய காலம் போய்விட்டது. முழங்கால் வலியோடு பஸ் ஏறி டவுனுக்குப் போக முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. என் வருத்தம் வேறு. யாருக்காவது பணம் போய்விட்டது என்று தெரிந்ததும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் முதலில் வரும் வார்த்தை, "படிச்சவங்களே இப்படி ஏமாறலாமா?" என்பதுதான். அடுத்து ஒரு பட்டியல் வரும். ஓடிபி சொல்லாதே, லிங்க்கைத் தொடாதே, தெரியாத நம்பரை எடுக்காதே. பட்டியல் சரிதான். ஆனால் முழுப் பொறுப்பையும் ஏமாந்தவர் தலையில் கட்டிவிட்டு மற்ற எல்லோரும் ஒதுங்கிக்கொள்வது சரியில்லை என்பது என் கருத்து.

என்னோடு பல வருடம் பணிபுரிந்த ஆசிரியை ஒருவர். பெயர் வேண்டாம். ஆன்லைனில் வாங்கிய மிக்ஸி ஜார் அளவு மாறி வந்துவிட்டது. திருப்பி அனுப்ப வேண்டும் என்று இணையத்தில் கஸ்டமர் கேர் நம்பர் தேடியிருக்கிறார். முதலில் கிடைத்த நம்பர் மோசடிக்காரர்கள் போட்டு வைத்தது. எடுத்தவன் "மேடம், மேடம்" என்று அவ்வளவு மரியாதையாகப் பேசி, பணம் திரும்ப வருவதற்கு என்று சொல்லி ஒரு செயலியை ஏற்றச் சொன்னான். அந்தச் செயலி வழியாக இவர் போனில் தெரிவதெல்லாம் அவனுக்கும் தெரிந்தது. கவனியுங்கள், இவர் யாரிடமும் ஓடிபி சொல்லவே இல்லை. வந்த ஓடிபியை அவனே பார்த்துக்கொண்டான். 42,000 ரூபாய் போயிற்று.

அதைவிடப் பெரிய துயரம் அதற்குப் பிறகுதான். நான்கு நாள் அவர் வாயே திறக்கவில்லை. வெளியூரில் இருக்கும் மகன், "உனக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்? கடையில போய் வாங்கத் தெரியாதா?" என்று கேட்பானே என்ற பயம். ஐந்தாம் நாள் சொன்னபோது மகன் கேட்டது, "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்று. சொல்லியிருக்கலாம்தான். சொல்ல முடிகிற மாதிரி வீடு இருந்ததா என்பதே என் கேள்வி.

ஏனென்றால் இந்த விஷயத்தில் நேரம்தான் எல்லாம். திருடிய பணம் ஒரே கணக்கில் தங்காது. முதல் கணக்கிலிருந்து நாலைந்து கணக்குகளுக்குப் பிரிந்து, ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிடும். 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கு உடனே சொன்னால், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அந்த வங்கிக்குத் தகவல் போய், மிச்சம் இருப்பதை நிறுத்தி வைக்க வழி உண்டு. ஐந்து நாள் கழித்துச் சொன்னால் நிறுத்த என்ன இருக்கும்?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையும் இதைத்தான் சொல்கிறது. நம் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் வேறெங்கோ நடந்த ஓட்டையால் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தவருக்கு இழப்பே கிடையாது. நம் கவனக்குறைவால் போயிருந்தால் புகார் கொடுக்கும் வரை போனது நம் கணக்கு. புகார் கொடுத்த பிறகு போவது வங்கியின் கணக்கு. ஆக, எப்படிப் பார்த்தாலும் சீக்கிரம் வாய் திறப்பவருக்கே பாதுகாப்பு.

வகுப்பறையில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. தப்பான விடை சொன்னால் அடி விழும் வகுப்பில் பிள்ளைகள் சந்தேகமே கேட்க மாட்டார்கள். எல்லாம் புரிந்தது போலத் தலையாட்டுவார்கள். பரீட்சையில்தான் தெரியும். நம் வீட்டுப் பெரியவர்களும் இன்று அப்படித்தான் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, அவர்கள் பக்கம் இவ்வளவு. விற்பவர் பக்கம் என்ன?

"இந்த அட்ரஸ்ல இருந்து இந்தப் பொருள் ஆர்டர் பண்ணியிருக்கீங்க" என்று ஒருவன் போனில் சரியாகச் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? அவனுக்கு எப்படித் தெரிந்தது? பார்சல் அட்டையைப் பாருங்கள். பெயர், கதவு எண், தெரு, பல நேரம் போன் நம்பர் உட்பட எல்லாம் அச்சாகி, பத்துக் கை மாறி வருகிறது. நாமும் அப்படியே குப்பையில் போடுகிறோம். சில நிறுவனங்கள் நம்பரை மறைத்து அச்சிடுகின்றன. சிலரால் முடிகிறது என்றால் எல்லோராலும் முடியும்தானே? துணிக்கடையில் ஒரு உள்பாவாடை வாங்கினாலும் பில் போட மொபைல் நம்பர் கேட்கிறார்கள். நம்பர் தந்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. "நம்பர் வேண்டாம், பில் மட்டும் போடுங்க" என்று சொல்ல நமக்குத்தான் கூச்சம்.

"நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்று கேட்கும் உறவினர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர் எண்பது வயதைத் தாண்டிய கே.எஸ்.புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. நம்மைப் போல ஒரு ஓய்வூதியர்! அதன் பிறகு 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதிலேயே ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். போன் வழியாக மருத்துவ ஆலோசனை தரும் செயலி, உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்கிறது. நீங்கள் சரி என்று அழுத்திவிட்டாலும், வைத்தியத்துக்கு அந்த எண்கள் தேவையில்லை என்பதால் அதற்கான சம்மதம் செல்லாது. நல்ல பாடம். எந்தக் காரியத்துக்கோ அதற்கு வேண்டியதை மட்டும் கேள் என்பதுதான் சாரம். சட்டம் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. நாம் அந்தக் கேள்வியை இன்றே கேட்கலாம். சேலை விற்கும் செயலிக்கு என் பேத்தியின் நம்பர் எதற்கு?

ஆட்களுக்குப் புத்தி சொல்வதைவிட ஓட்டையை அடைப்பது எவ்வளவு பலன் தரும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு. 2022 அக்டோபர் 1 முதல் ஆன்லைன் கடைகள் நம் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி நிறுத்தியது. எண்ணுக்குப் பதில் ஒரு டோக்கன்தான் இருக்கும். அந்தக் காலத்தில் வங்கியில் செக்கைக் கொடுத்தால் பித்தளை டோக்கன் தருவார்களே, நினைவிருக்கிறதா? அதை எடுத்துக்கொண்டு அடுத்த வங்கிக்குப் போனால் செல்லுமா? அதே கதைதான். ஒரு கடைக்கான டோக்கனைத் திருடினால் இன்னொரு கடையில் உதவாது.

இரண்டாவது, யுபிஐயில் "உங்களுக்குப் பணம் வருது, பின் நம்பர் போடுங்க" என்று ஏமாற்றினார்கள். பின் நம்பர் போட்டால் பணம் போகும், வராது. இதை ஊர் ஊராகச் சொல்லிப் பார்த்தோம். கடைசியில் தனிநபருக்குத் தனிநபர் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். கதவைச் சாத்தியதும் அந்த வழி அடைபட்டது.

நேர்மையான வியாபாரிகளிடமும் ஒரு வார்த்தை. "இன்னும் இரண்டுதான் இருக்கிறது", "பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்று பொய் அவசரம் காட்டுவதை 2023 நவம்பரில் அரசு தடை செய்திருக்கிறது. காரணம் இருக்கிறது. அவசரப்பட்டு அழுத்தும் பழக்கத்தை நீங்கள் ஏற்படுத்துகிறீர்கள். மோசடிக்காரன் அறுவடை செய்கிறான்.

நாம் செய்யக்கூடியது சில உண்டு. கஸ்டமர் கேர் நம்பரை இணையத்தில் தேடாமல், பொருள் வாங்கிய செயலிக்குள்ளேயே பாருங்கள். யார் சொன்னாலும் போனில் பேசிக்கொண்டே புதுச் செயலி ஏற்றாதீர்கள். யாரும் கேட்காத பார்சல் வந்து பணம் கேட்டால், வீட்டில் எல்லோரிடமும் கேட்ட பிறகே காசு கொடுங்கள். பார்சல் அட்டையைக் கிழித்துப் போடுங்கள். ஆன்லைனுக்கென்று தனிக் கணக்கு வைத்து அதில் கொஞ்சம் பணம் மட்டும் போடுங்கள். ஓய்வூதியம் வரும் கணக்கை எந்தச் செயலியோடும் இணைக்க வேண்டாம்.

என் மாணவர்களில் எத்தனையோ பேர் இன்று மென்பொருள் நிறுவனங்களிலும் வங்கிகளிலும் காவல் துறையிலும் இருக்கிறீர்கள். ஒரு படிவத்தில் எந்தக் கட்டம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் இருப்பவர்கள், தேவையில்லாத கட்டத்தை நீக்குங்கள். புகார் கொடுக்க வரும் பெரியவர் எதிரில் உட்காரும்போது, "ஏன் கொடுத்தீங்க?" என்று ஆரம்பிக்காமல் "எப்போ நடந்துச்சு?" என்று ஆரம்பியுங்கள்.

மற்ற எல்லோருக்கும் ஒரே வீட்டுப்பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவுக்குப் போன் போட்டு இப்படிச் சொல்லுங்கள்: "எதுல எவ்வளவு போனாலும் பரவாயில்ல, உடனே என்கிட்ட சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்." சொல்லிவிட்டு 1930ஐ அவர்கள் போனில் பதிந்து வையுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதும் முக்கியம். முதல் தடவை கோபப்பட்டால் இரண்டாம் தடவை அவர்கள் சொல்லவே மாட்டார்கள்.

செய்தவர்கள் கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமாக எழுதுங்கள்.

அன்புடனும் ஆசிகளுடனும்,
உங்கள் ஆசிரியர்