லிட்டர் நூறு ரூபாய்க் கணக்கு

“ஜீரோ பாத்துக்கோங்க சார்” என்று பங்க்கில் பெட்ரோல் போடுபவர் சொல்கிறார். நாமும் பார்க்கிறோம். அதே பெட்டியில் லிட்டர் விலை என்று இன்னோர் எண்ணும் ஒளிர்கிறது. அதைக் கவனிப்பதை நிறுத்திப் பல காலமாகிறது. குற்றம் நம்முடையதல்ல. 2022 மே 22 அன்று சென்னையில் 102 ரூபாய் 63 காசில் வந்து நின்ற அந்த எண், ஏறத்தாழ 22 மாதம் அசையவே இல்லை. 2024 மார்ச் 15 காலையில்தான் 100 ரூபாய் 75 காசாக இறங்கியது. மறுநாள் மக்களவைத் தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட்டன.

இத்தனைக்கும் சட்டப்படி நம் நாட்டில் பெட்ரோல் விலை அரசின் கையில் இல்லை. 2010 ஜூனில் பெட்ரோலுக்கும் 2014 அக்டோபரில் டீசலுக்கும் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை 6 மணிக்குப் புது விலை என்ற ஏற்பாடும் வந்தது. பதினைந்து நாளுக்கொரு முறை மொத்தமாக ஏறுவதைவிட, தினமும் சில காசுகளாக ஏறி இறங்கினால் யாருக்கும் வலிக்காது என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தேர்தல் வந்தால் மட்டும் இந்த ஏற்பாடு படுத்துக்கொள்ளும். 2018இல் கர்நாடக வாக்குப்பதிவுக்கு முன் ஏறத்தாழ மூன்று வாரம் விலை நின்றது. வாக்குப்பதிவு முடிந்த இரண்டாம் நாள் ஏறத் தொடங்கியது. 2021 நவம்பர் தொடங்கி, உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல்கள் முடியும்வரை 137 நாள் அசைவில்லை. பிறகு 2022 மார்ச் 22க்கும் ஏப்ரல் 6க்கும் இடையில் 10 ரூபாய் ஏறியது. சென்னையில் 110 ரூபாய் 85 காசு ஆனது அப்போதுதான்.

எண்ணெய் நிறுவனங்களின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. உக்ரைன் போர் தொடங்கிக் கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலரைத் தாண்டிச் சென்ற 2022 ஏப்ரல்–செப்டம்பர் அரையாண்டில், விலையை ஏற்றாமல் இருந்ததால் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களும் சேர்ந்து 21,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் கண்டன. அன்று நம்மைக் காத்ததும் இதே விலை முடக்கம்தான். ஆனால் கச்சா எண்ணெய் இறங்கிய பிறகும் முடக்கம் தொடர்ந்தது. 2023–24 நிதியாண்டில் அதே மூன்று நிறுவனங்களின் லாபம் சுமார் 81,000 கோடி. பழைய நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டாமா என்றால், வேண்டும்தான். எவ்வளவு ஈடானது, எப்போது முடிந்தது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

கச்சா எண்ணெய் விலை சரியும்போது நமக்கு வர வேண்டிய பங்கு வழியிலேயே நின்றுவிடுவது புதிதல்ல. 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை உலகச் சந்தையில் விலை சரிந்தபோது மத்தியக் கலால் வரி ஒன்பது தவணைகளில் உயர்ந்தது. பெட்ரோலுக்கு லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசாக இருந்தது 21 ரூபாய் 48 காசு ஆனது. 2020இல் கரோனா முடக்கத்தால் எண்ணெய் சீந்துவாரற்றுக் கிடந்தபோது, மார்ச்சில் 3 ரூபாயும் மே மாதத்தில் 10 ரூபாயும் கூட்டினார்கள். 2025 ஏப்ரலிலும் அப்படித்தான்: கச்சா எண்ணெய் இறங்கியது, கலால் வரி 2 ரூபாய் கூடியது, பங்க் விலை இருந்த இடத்தில் இருந்தது. விலை ஏறவில்லையே என்று நாம் நிம்மதியடைந்தோம். இறங்க வேண்டிய விலை அது.

அந்த உயர்வோடு மத்திய அரசின் வரி லிட்டருக்கு 21 ரூபாய் 90 காசு ஆனது. தமிழக அரசின் மதிப்புக் கூட்டு வரி 13 சதவீதமும் அதன்மேல் 11 ரூபாய் 52 காசும். கூட்டிப் பார்த்தால் அதுவும் 22 ரூபாயை ஒட்டியே வந்தது. ஆக, அப்போது நூறு ரூபாயில் 43 ரூபாய்க்கு மேல் இரண்டு அரசுகளுக்கும் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் போனது. மத்திய அரசு தன் 21 ரூபாய் 90 காசில் மாநிலங்களோடு பகிர வேண்டியிருந்தது அடிப்படைக் கலால் வரியான 1 ரூபாய் 40 காசை மட்டும். மீதி செஸ், சிறப்பு வரி. 15ஆவது நிதிக்குழுக் கணக்கில் எல்லா மாநிலங்களுக்குமாகச் சேர்த்து 57 காசு. தமிழக அரசு இதைச் சொல்லிப் புலம்புவதில் நியாயம் உண்டு. 2021 ஆகஸ்டில் நிதிநிலை அறிக்கையில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்ததும் உண்மை. ஆனால் ஜிஎஸ்டிக்குள் பெட்ரோலைக் கொண்டுவரும் பேச்சு 2021 செப்டம்பரில் லக்னோ கூட்டத்தில் எழுந்தபோது, அதை வேண்டாம் என்பதில் எல்லா மாநிலங்களும் ஒரே கட்சியாகிவிட்டன.

இவற்றையெல்லாம் நாளையே நாம் மாற்றிவிட முடியாது. நம் கையில் இருப்பது வண்டி. லிட்டர் விலை நூறு ரூபாயை ஒட்டி இருப்பதில் ஒரு வசதி: ஒரு சதவீதம் மிச்சம் என்றால் லிட்டருக்கு ஒரு ரூபாய் மிச்சம்.

முதலில், பயன் தராத யோசனைகளைக் கழித்துவிடுவோம். விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் அடர்த்தியாக இருக்கும் என்பார்கள். பங்க்கின் தொட்டி தரைக்கு அடியில் இருக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் அதன் வெப்பநிலை அதிகம் மாறுவதில்லை. ஒரு டிகிரி மாறினாலும் பெட்ரோல் விரிவது 0.1 சதவீத அளவுக்குத்தான். அதாவது பத்துக் காசு. கூடுதல் விலைக்கு விற்கும் உயர் ஆக்டேன் பெட்ரோல், அதைக் கேட்கும்படி அமைந்த இன்ஜினுக்குத்தான். சாதாரண ஸ்கூட்டருக்கு ஊற்றினால் மைலேஜ் கூடாது, பில்தான் கூடும். கடலூர்ப் பக்கத்தில் இருந்து புதுச்சேரி எல்லைக்குப் போய்ப் போட்டு வருகிறவர்கள் உண்டு. அங்கே வரி குறைவு, லிட்டருக்கு நாலைந்து ரூபாய் மிச்சம். வேலையாகப் போகும்போது போட்டால் லாபம். ஐந்து லிட்டர் டேங்க்கை நிரப்புவதற்கென்றே போக வர 24 கிலோமீட்டர் ஓட்டினால், மிச்சம் 25 ரூபாய், வழியில் எரிந்தது 50 ரூபாய்.

சரிவில் வண்டியை நியூட்ரலில் போட்டு உருட்டுவது நம் அப்பாக்கள் காலத்துச் சிக்கனம். கார்புரேட்டர் வண்டிக்கு அது பொருந்தியிருக்கலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்ததிலிருந்து பெரும்பாலான பைக்குகளும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. இந்த வண்டிகளில் கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு இறங்கினால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடித்துக்கொண்டே வரும். ஏற்காடு மலையில் நியூட்ரலில் இறங்குகிறவர் பெட்ரோலையும் வீணாக்குகிறார், பிரேக்கையும் பணயம் வைக்கிறார்.

டயரில் காற்று? அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கில் அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும். பத்துக் குறைந்தால் 2 ரூபாய். சின்ன தொகைதான், ஆனால் டயரின் ஆயுளும் அதில் இருக்கிறது. பங்க்குகள் காற்றை இலவசமாக அடித்துத் தர வேண்டும் என்பது விதி. என் வீட்டருகே உள்ள பங்க்கில் கம்ப்ரசர் ரிப்பேர் என்று எழுதிய அட்டையே வெயிலில் வெளுத்துவிட்டது.

பெரிய பணம் இருப்பது ஓட்டும் விதத்தில். முறுக்கிக்கொண்டு பறந்து, அடுத்த சிக்னலில் பிரேக் அடித்து நிற்பது. முன்னால் சிவப்பு தெரிந்த பிறகும் ஆக்ஸிலரேட்டரை விடாமல் இருப்பது. இப்படி ஓட்டினால் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 சதவீதமும், நகர நெரிசலில் 10 முதல் 40 சதவீதமும் மைலேஜ் போகும் என்கிறது அதே அமெரிக்கத் துறை. குறைந்த அளவான பத்து சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம்: லிட்டருக்குப் பத்து ரூபாய். 2022 மே மாதக் கலால் குறைப்பில் சென்னைக்குக் கிடைத்தது 8 ரூபாய் 22 காசு. அரசு தந்த அந்தப் பெரிய சலுகையைவிட நம் வலது கையின் நிதானம் அதிகம் தரும்.

ஆனால் எல்லோருக்கும் நிதானமாக ஓட்டும் வசதி இருக்கிறதா? பத்து நிமிடத்தில் மளிகை என்று நிறுவனம் விளம்பரம் செய்தது. முறுக்கியவர் தன் காசில் பெட்ரோல் போட்ட இளைஞர். சென்னை ஆட்டோக்களுக்கு 2013 ஆகஸ்டில் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று நிர்ணயித்த கட்டணம், பெட்ரோல் நூறைத் தாண்டிய பிறகும் ஆண்டுக்கணக்கில் திருத்தப்படவில்லை. சிக்கன அறிவுரையை இவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அறிவுரை சொல்லும் அரசே இன்னொரு பக்கம் மைலேஜைக் குறைக்கிறது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, பழைய வடிவமைப்பு கார்களில் 6–7 சதவீதமும் இருசக்கர வண்டிகளில் 3–4 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்றது. இதை ஈடுகட்ட இந்தக் கலவையை மலிவாக விற்க வேண்டும் என்றும் சொன்னது. முதலாவது நடந்தது. இரண்டாவதைக் கேட்டால், எத்தனால் விலையே இப்போது அதிகம் என்று 2025இல் பெட்ரோலிய அமைச்சகம் பதில் சொன்னது. கரும்பு விவசாயிக்கும் அந்நியச் செலாவணிக்கும் எத்தனால் உதவுகிறது என்பதை மறுக்கவில்லை. அந்த உதவிக்கு, பழைய ஸ்பிளெண்டர் வைத்திருப்பவர் லிட்டருக்கு மூன்று நான்கு ரூபாய் தெரியாமலே கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஓட்டலில் ஒரு காபி குடித்தால் பில்லில் மத்திய ஜிஎஸ்டி, மாநில ஜிஎஸ்டி என்று வரி தனித்தனியாக அச்சாகி வருகிறது. பங்க்கில் 2,000 ரூபாய்க்குப் போட்டாலும் கையில் வரும் சீட்டில் லிட்டர், விலை, தொகை மட்டுமே. மத்திய வரி, மாநில வரி, எத்தனால் அளவு என்று மூன்று வரிகளை அந்தச் சீட்டில் சேர்க்கக் காகிதம் இருக்கிறது. இரண்டு அரசுகளும் அச்சிடட்டும்.