ஒரு சோதனை போதாது

பாலக்காட்டு வாளையாறு, இடுக்கியின் குமுளி ஆகிய எல்லைகளைக் கடந்து வரும் எருமைகளுள் சில, பார்வைக்கு நலமாயிருந்தும் ஜோனிஸ் நோயைத் தாங்கி வரக்கூடும். 1895-ஆம் ஆண்டில் ஜோனே, ஃப்ராதிங்கம் ஆகியோர் விவரித்த இந்நோய், இளங்கன்றுக்குச் சாணத்தாலும் பாலாலும் தொற்றி, ஆண்டுகள் சில கழித்தே வெளிப்படுகின்றது. தீனி குன்றாதிருந்தும் கழிச்சல் நீடித்து உடல் மெலியும். இதனைக் குடற்புழுவென்று கருதி மருந்தூட்டிக் காலத்தை வீணாக்குதல் எளிதில் நேரும் பிழை. கிருமி சாணத்தில் விட்டுவிட்டே வெளிப்படுமாதலின், ஒருமுறை காணப்படாமையைக் கொண்டு நோயில்லையெனச் சான்றளித்தல் தகாது. மந்தை முழுவதையும் பன்முறை சோதித்தலும், நோயுற்ற தாயின் கன்றைப் பிறந்தவுடன் பிரித்து வளர்த்தலும் இன்றியமையாதன. தீர்க்கும் மருந்து இல்லாத இந்நோயில், பொறுமையான சோதனையே ஏழை உழவரின் தொழுவத்தைக் காக்கும்.