கூரையைச் செப்பனிடுங்கள்; அதுவே தொண்டுக்கு மரியாதை!

சிதம்பரம் ஓமக்குளத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. நந்தனார் பள்ளி என்பது அதன் பெயர். ஆதனூர்ப் பண்ணையில் சேற்றில் உழன்ற நந்தனைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தி வைத்தது எந்த ஊரோ, அதே ஊரில், அந்த நந்தனின் பெயராலேயே, அவனுடைய சந்ததிக்கு எழுத்தறிவிப்பதற்காக 1916ல் தொடங்கப்பட்ட பள்ளி அது. தொடங்கியவர் சுவாமி சகஜானந்தர்.

அவர் நம் கட்சிக்காரர் அல்லர். காவி உடுத்திய துறவி, காங்கிரஸ்காரர், சட்டசபையில் பல ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர். ஆரணிக்குப் பக்கத்தில் மேல்புதுப்பாக்கத்தில் 1890ல் ஓர் ஆதிதிராவிடக் குடும்பத்தில் பிறந்து, இருபது வயதில் சிதம்பரம் வந்து சேர்ந்தார். சேரிப் பிள்ளைகள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் திண்ணையில் கூட உட்கார முடியாதிருந்த காலம் அது. மாடு மேய்க்கவும் நாற்றுக்கட்டுத் தூக்கவும் பிறந்தவர்கள் என்று மிராசுதார்கள் முத்திரை குத்தி வைத்திருந்த பிள்ளைகளை அவர் பெஞ்சியில் உட்கார வைத்தார். 1959 மே முதல் நாள், உலகத் தொழிலாளர்களின் திருநாளன்று, அவர் கண்மூடினார். அவர் விதைத்த பள்ளி இன்று அரசுப் பள்ளியாக நடக்கிறது.

அவருக்கு மரியாதை செய்வது எப்படி? சிலைக்கு மாலை போடலாம். விழா எடுக்கலாம். போடட்டும், எடுக்கட்டும், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்காக உழைத்தவருக்குச் செய்யும் மெய்யான மரியாதை ஒன்றுதான் உண்டு. பிள்ளைகள் உட்காரும் கூரை ஒழுகாமலும், சுவர் சரியாமலும் பார்த்துக் கொள்வதே அந்த மரியாதை. நந்தனார் பள்ளிக்கு மட்டுமன்று; கடலூர் முதுநகர் முதல் காட்டுமன்னார்கோயில் வரை உழைப்பாளியின் பிள்ளை படிக்கும் ஒவ்வொரு பொதுப் பள்ளிக்கும் இது பொருந்தும்.

மக்கள் தொடங்கினர், சர்க்கார் ஏற்றது

தமிழ்நாட்டில் பொதுக்கல்வி எப்படி வளர்ந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1953ல் குலக்கல்வித் திட்டம் வந்தது. அரை நாள் படிப்பு, அரை நாள் அப்பன் தொழில் என்றார்கள். மக்கள் கொதித்தெழுந்தனர். 1954ல் அந்தத் திட்டமும் போயிற்று; அதைக் கொண்டுவந்த ராஜாஜி மந்திரி சபையும் போயிற்று. காமராஜ் முதலமைச்சரானார்.

1956ல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. முதலில் ஊர் மக்கள் அரிசியும் காய்கறியும் விறகும் தந்துதான் அது நடந்தது. பிறகு செலவில் ஒரு பங்கைச் சர்க்கார் ஏற்றது. 1958ல் செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மகாநாடு கூடியது. கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அந்த இயக்கத்தை மாநிலமெங்கும் கொண்டு சென்றார். அந்தந்த ஊரார் தங்கள் பள்ளிக்கு என்ன குறை என்று பட்டியலிட்டார்கள். ஒருவர் கரும்பலகை தந்தார். ஒருவர் பெஞ்சி தந்தார். ஒருவர் நிலம் தந்தார். ஒன்றும் இல்லாதவன் தன் உடலுழைப்பைத் தந்தான். இப்படித்தான் பள்ளிகள் எழுந்தன.

இந்த வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. ஊர் மக்களின் கைப்பிடி அரிசியில் தொடங்கிய சாப்பாடு, 1982ல் சர்க்காரின் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. இன்று எந்தத் தாயும் தன் பிள்ளையின் மதியச் சோற்றுக்காக யார் வீட்டு வாசலிலும் போய்க் கையேந்த வேண்டியதில்லை. மக்களின் தொண்டு சர்க்காரின் கடமையாயிற்று. தொண்டுக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா?

சோற்றுக்கு நடந்தது கூரைக்கும் நடக்க வேண்டும். அதுதான் நம் வாதம்.

இடிந்த சுவர்கள் சொல்வது என்ன?

2004 ஜூலை 16ல் கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியின் ஓலைக்கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் ஓலைக்கூரையை அகற்றினார்கள். 2021 டிசம்பர் 17ல் நெல்லையில் உதவி பெறும் பள்ளி ஒன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் மாண்டனர். அதற்குப் பிறகுதான் மாநிலமெங்கும் பழுதடைந்த கட்டிடங்களைக் கணக்கெடுத்து இடிக்க உத்தரவு பிறந்தது. 2025 ஜூலை 25ல் ராஜஸ்தானத்து ஜாலாவாட் மாவட்டத்தில் சர்க்கார் பள்ளியின் கூரை விழுந்து 7 குழந்தைகள் மாண்டனர். அதற்குப் பிறகுதான் அங்கும் ஆய்வு!

பிள்ளைகளின் பிணத்தைப் பார்த்த பிறகுதான் கோப்பு நகரும் என்றால், அது என்ன நிர்வாகம்?

இது ஏழை நாட்டின் வியாதி மட்டுமன்று. செல்வம் கொழிக்கும் இங்கிலாந்திலேயே 2023 ஆகஸ்ட் கடைசி நாளில், விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் தறுவாயில், நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் கட்டிடங்களைப் பூட்ட உத்தரவாயிற்று. பல பத்தாண்டுகளுக்கு முன் மலிவாகப் போட்ட இலேசான காங்கிரீட் பலகைகள் எந்த நேரமும் விழலாம் என்று கண்டார்கள். பொதுப் பள்ளியின் பராமரிப்பில் மிச்சம் பிடிப்பதே சிக்கனம் என்று நினைக்கும் ஆட்சி எங்கே இருந்தாலும் விளைவு ஒன்றுதான்.

நம் மாவட்டத்தில் இந்த ஆபத்து இரட்டிப்பாகும். இங்கே அடிப்பது உப்புக் காற்று. கொத்தனாராகவும் சித்தாளாகவும் வேலை பார்த்த தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தளத்தில் தண்ணீர் தேங்குகிறது, ஈரம் உள்ளே இறங்குகிறது, கம்பி துருப்பிடிக்கிறது, துருப்பிடித்த கம்பி பருத்து, மேலே உள்ள காங்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. முதலில் கை அகலத்துக்குக் காரை விழும். அப்போது பார்த்தால் சில நூறு ரூபாய் வேலை. விட்டுவிட்டால் தளமே இறங்கும். தண்ணீர் வழியும் தூம்பில் அடைத்த இலையை வருஷத்துக்கு இரண்டு முறை வாரினாலே பாதிக் கட்டிடங்கள் பிழைக்கும். சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்றை விரல் பருமனில் பிடுங்கினால் சுவர் நிற்கும். மரமாக விட்டால் சுவர் போகும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தது. 2011 டிசம்பர் 30ல் தானே புயல் நம் கரையில் ஏறியது. 2015ல் பெருவெள்ளம் வந்தது. ஒவ்வொரு முறையும் குடிசை இழந்த மக்கள் எங்கே ஒதுங்கினார்கள்? பள்ளிக்கூடத்தில்தான். பண்ணையார் வீட்டு மாடியில் அல்ல. கூலி விவசாயியின் தெருவில் உறுதியான கட்டிடம் என்று இருப்பது பெரும்பாலும் அந்தப் பள்ளி ஒன்றே. அது இற்றுப் போனால் பிள்ளைக்கு வகுப்பறையும் இல்லை. புயலில் ஊருக்குப் புகலிடமும் இல்லை.

செப்பனிட்டதற்குக் கல்வெட்டு இல்லை

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2022ல் பேராசிரியர் அன்பழகன் பெயரால், 5 ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய்க்குப் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. புதிய வகுப்பறைகள் எழுந்தன. வரவேற்கிறோம். ஆனால் புதிய கட்டிடத்துக்குத் திறப்பு விழா உண்டு. மந்திரி பெயர் பொறித்த கல்வெட்டு உண்டு. பழைய கட்டிடத்தின் ஒழுகலை அடைத்ததற்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்? விழா இல்லாத வேலைக்கு நிதி ஒதுக்க யாருக்கும் கை வருவதில்லை. நேற்றுத் திறந்த கட்டிடத்தையும் பராமரிக்காமல் விட்டால், இருபது ஆண்டில் அதுவும் இடிக்கும் பட்டியலில் சேரும்.

மத்திய சர்க்காரின் யோக்கியதை என்ன? தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 6 பங்கைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று 1966லேயே கோத்தாரிக் குழு சொல்லிவிட்டது. அந்த அளவை எந்த ஆட்சியும் எட்டவில்லை. போதாதென்று, புதிய கல்விக் கொள்கையின் பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திட்டால்தான் பணம் என்று சொல்லி, 2024-25ல் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தார்கள். நம் வரிப்பணத்தை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளிடமே பேரம் பேசுகிறார்கள்!

கொடையா, உரிமையா?

2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல், நம்ம ஊர்ப் பள்ளி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, முன்னாள் மாணவர்களிடமும் கம்பெனிகளிடமும் நன்கொடை கேட்கிறார்கள். தன் பள்ளிக்குத் தானே ஏதேனும் செய்ய வேண்டும் என்று நினைக்கும் மனிதனின் நெஞ்சை நாம் மதிக்கிறோம். மதுரையில் கொடிக்குளம் பள்ளிக்குத் தன் நிலம் ஒன்றரை ஏக்கரை எழுதி வைத்த ஆயி பூரணம் அம்மாளுக்கு 2024 குடியரசு தினத்தில் முதலமைச்சரின் சிறப்பு விருது தந்தார்கள். தகும், மிகத் தகும். வங்கியில் குமாஸ்தாவாகச் சம்பளம் வாங்கிப் பிழைத்தவர் அவர். பெரும் முதலாளி அல்லர்.

கம்பெனிகளின் கொடை வேறு. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமுதாயக் காரியத்துக்குச் செலவிட வேண்டும். சட்டம் சொல்வதைச் செய்துவிட்டுச் சுவர் முழுதும் தன் பெயரை எழுதிக்கொள்வது எந்த ஊர் தருமம்? அந்த லாபம் எங்கிருந்து வந்தது? கரும்பு வெட்டிய கையிலிருந்து வந்தது. ஆலையில் இரவுச் ஷிப்டு பார்த்த உடம்பிலிருந்து வந்தது. கொடையாளி பட்டியலில் முதல் பெயர் எழுதுவதென்றால் தொழிலாளியின் பெயரைத்தான் எழுத வேண்டும்.

மேலும், கொடை வரும் ஊரில் கூரை நிற்கும், வராத ஊரில் விழும் என்றால் சேத்தியாத்தோப்புக்கு அப்பால் உள்ள கூலிக்காரத் தெருப் பள்ளிக்கு யார் கொடுப்பார்கள்? அந்தத் தெருவிலிருந்து எந்த முன்னாள் மாணவன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பப் போகிறான்? ஆகவே கொடை கறியாக இருக்கலாம். சோறாக இருக்க முடியாது.

தொண்டு என்ற பெயரில் குறைகூலி

பொதுச் சேவையைப் போற்றுவோம் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்கிறோம். பள்ளியில் தினமும் பொதுச் சேவை செய்வது யார்? விடியுமுன் வந்து அடுப்பு மூட்டும் சத்துணவு ஊழியர் சகோதரி. கழிப்பறையைக் கழுவும் துப்புரவுத் தொழிலாளி. சத்துணவு ஊழியர்கள் முறையான காலமுறை ஊதியம் கேட்டுப் பல ஆண்டுகளாகத் தெருவில் நின்று போராடி வருகிறார்கள். ‘சேவை’ என்று புகழ்ந்துவிட்டுக் கூலியைக் குறைப்பது முதலாளித்துவத்தின் பழைய தந்திரம். சேவைக்கு மரியாதை சால்வை அன்று; நியாயமான சம்பளமும், ஓய்வு காலத்தில் பென்ஷனுமே மரியாதை.

நாம் செய்ய வேண்டியது

‘சர்க்கார் கடமை, நாம் ஏன் தலையிட வேண்டும்?’ என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். ‘சர்க்காரை நம்பிப் பயனில்லை; நாமே வசூல் செய்து பூசிவிடுவோம்’ என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டும் பிசகு. முதல் பேச்சால் கூரை விழும். இரண்டாம் பேச்சால் சர்க்கார் தப்பித்துக் கொள்ளும். அதோடு, உள்ளே கம்பி இற்றுப்போன விரிசலின் மேல் சாந்து பூசி மறைப்பது தொண்டு அன்று, ஆபத்து.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். இது நம் கையில் உள்ள ஆயுதம். ஆனால் வேலை நாளில் பிற்பகலில் கூட்டம் போட்டால் நடவுக்குப் போன தாய் எப்படி வருவாள்? ஒரு நாள் கூலியை யார் தருவார்கள்? கூட்டத்தை மாலையிலோ ஞாயிறிலோ வையுங்கள் என்பது நம் முதல் கோரிக்கை.

ஐப்பசி மழைக்கு முன் பெற்றோர்கள் பள்ளியைச் சுற்றிப் பாருங்கள். காரை உப்பிய இடம், கம்பி தெரியும் இடம், ஈரம் கசியும் சுவர், தொட்டால் மின்சாரம் அடிக்கும் ஸ்விட்சு, சாய்ந்த சுற்றுச்சுவர், கழிப்பறைச் சுவர் எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். ஆபத்தான அறையிலிருந்து முதலில் பிள்ளைகளை வெளியேற்றச் சொல்லுங்கள். தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பொதுப்பணித் துறைக்கும் மனுப் போகட்டும். நகல் உங்கள் கையில் இருக்கட்டும். இடிப்பதற்கு முன் பிள்ளைகள் எங்கே படிப்பார்கள் என்ற பதிலையும், புதியது என்றைக்கு முடியும் என்ற தேதியையும் எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுதோறும் பராமரிப்பு நிதி தனியாக ஒதுக்கி, அந்தக் கணக்கைப் பள்ளிச் சுவரிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

மே முதல் நாள் கிராம சபை கூடும். காலையில் செங்கொடி ஏற்றிவிட்டு நேரே கிராம சபைக்குப் போவோம். நம் பள்ளியின் பழுதுப் பட்டியலைத் தீர்மானமாக நிறைவேற்றுவோம். சகஜானந்தர் மறைந்த நாளும் அதுவே. நந்தன் பிள்ளைகளுக்குக் கதவு திறந்த அந்த மனிதருக்கும், கடம்பத்தூர் தொடங்கி ஊர் ஊராக மண் சுமந்து பள்ளி எழுப்பிய பெயர் தெரியாத உழைப்பாளிகளுக்கும் நாம் செலுத்தும் வணக்கம் அந்தத் தீர்மானத்தில் இருக்கட்டும்.

பள்ளியைக் கட்டியது நம் பாட்டன் கை. அதைக் காக்க வேண்டியது சர்க்காரின் கடமை. அந்தக் கடமையைச் செய்ய வைப்பது நம் வேலை!