‘பிறகு பாக்கலாம்’ என்று நான் ஒதுக்கிய பாடம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்தோடுதான் எழுதுகிறேன். பாதிக் கோபம் என் மேல்.

போன கிழமை ஒருவர் முகநூலில் எழுதியிருந்தார். கலியாணம் கட்டி நெதர்லாந்துக்குப் போகிற எங்கள் பிள்ளைகளுக்கு டச்சு இலக்கணம் படிப்பிப்பது வீண்வேலையாம். நூறு வசனத்தைப் பாடமாக்கினால் சோதனை பாஸ், மிச்சத்தை அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளலாமாம். அதுக்கு எத்தனை லைக்! என்னிடம் படித்த பிள்ளைகளே கீழே வந்து கைதட்டியிருந்தார்கள்.

சோதனையைப் பற்றி அவர் சொன்னது சரி. தூதரகத்தில் வைக்கிற அந்தச் சோதனை ஏ1 மட்டம். பேச்சு, வாசிப்பு, நெதர்லாந்துச் சமூகத்தைப் பற்றிய அறிவு என்று மூன்று பகுதி. அதில் ‘நான் இப்படிச் செய்திருக்க வேணும்’ என்று சொல்லவேண்டிய இடம் வராது. மகள் வீட்டில் மூன்று மூன்று மாதமாய் நின்று, அங்கத்தைய நூலகத்து மொழிக் கஃபேயில் குந்தியிருந்து பழகிய டச்சைக் கொண்டு ஊரில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு வட்ஸ்அப்பில் சொல்லிக்கொடுக்கிறவள் நான். நானும் அந்தப் பாடத்தை ‘பிறகு பாக்கலாம்’ என்றுதான் ஒதுக்கினேன்.

ஒதுக்கியதன் விலையை ஒரு பிள்ளை கட்டியது.

அவள் அங்கே போய் எட்டு மாதம். ஒரு கந்தோரில் சந்திப்பு இருந்தது. காய்ச்சலால் போகவில்லை, அறிவிக்கவும் இல்லை. பிழை அவளுடையதுதான். இரண்டு நாள் கழித்துப் போனபோது, ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல பிள்ளை, ஒளிக்கவில்லை. ‘நான் போன் பண்ணியிருக்க வேணும்’ என்று மனதில் தமிழில் வசனத்தை அடுக்கி, அப்படியே டச்சில் சொன்னாள்: ‘இக் மூத் கெபெல்த் ஹெப்பன்.’

அந்த அலுவலர் ‘எப்போது?’ என்று கேட்டார். எப்போது பண்ணியிருக்க வேணும் என்று கேட்கிறார் என நினைத்து இவள் ‘முந்தநாள் காலமை’ என்றாள். அவர் கணினியில் தேடினார். அப்படி ஒரு அழைப்பும் பதியவில்லை என்றார். இவள் தலையாட்டிக்கொண்டு அதே வசனத்தை இன்னும் அழுத்தமாகச் சொன்னாள்.

என்ன நடந்தது விளங்குதா? அவள் சொன்ன டச்சு வசனத்தின் பொருள், ‘நான் போன் பண்ணியிருப்பேன், நிச்சயம் பண்ணியிருக்க வேணும்’ என்பது. ஊகம். பிழையை ஒத்துக்கொள்ளப் போனவள், செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சாதித்துவிட்டு வந்தாள். அபராதக் கடிதம் வந்தது. காசு பெரிதில்லை. ‘ரீச்சர், நான் பிழையை ஒத்துக்கொண்டனான். ஏன் அவர் என்னைக் கள்ளியைப் பாக்கிற மாதிரிப் பாத்தவர்?’ என்று அழுதுகொண்டு அனுப்பிய குரல்பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை.

இது அவளின் மொழியறிவுக் குறைவு இல்லை. எங்கள் தமிழிலேயே அந்தக் கண்ணி இருக்கிறது. ‘அவள் போன் பண்ணியிருக்க வேணும்’ என்றால் இரண்டு பொருள். ஒன்று: பண்ணவில்லை, பண்ணாதது பிழை. மற்றது: பண்ணியிருப்பாள் என்று நினைக்கிறேன். ‘அவன் போயிருக்கலாம்’ என்பதும் அப்படித்தான். போகக்கூடிய வாய்ப்பைத் தவறவிட்டானா, ஒருவேளை போய்விட்டானா? நாங்கள் குரலாலும் இடத்தாலும் பிரித்து விளங்கிக்கொள்கிறோம். டச்சுக்காரர் வசனத்தின் அமைப்பாலேயே பிரிக்கிறார்கள்.

நான் அன்றே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதை இப்போது இங்கே சொல்கிறேன். பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர் கவனியுங்கள்.

‘இக் மூஸ்த் பெல்லன்’ என்றால் எனக்குப் போன் பண்ண வேண்டியிருந்தது. அவ்வளவுதான், வருத்தமில்லை. ‘இக் மூத் கெபெல்த் ஹெப்பன்’ என்றால் பண்ணியிருப்பேன் என்ற ஊகம். ‘இக் ஹத் மூத்தன் பெல்லன்’ என்றால் பண்ணியிருக்க வேணும், பண்ணவில்லை, என் பிழை. தமிழில் ‘பண்ணியிருக்க’ என்று அந்த ‘இரு’ செயலோடு ஒட்டிக்கொள்கிறது. டச்சில் அது கடமையோடு ஒட்டுகிறது. ‘ஹத்’ முன்னுக்கு வந்து ‘மூத்தன்’ பக்கத்தில் நின்றால், கடமை இருந்தது, காரியம் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். (கதை சொல்லும்போது வெறும் இறந்தகாலமாகவும் இது வரும். அதைப் பழகப் பழகப் பிடிக்கலாம்.)

இன்னொன்று. பக்கத்தில் வேறு வினை இருந்தால் ‘கெமூத்தன்’ என்று ‘கெ’ போடக்கூடாது. இலக்கணப்படி வரவேண்டிய ‘கெ’ அந்த இடத்தில் மட்டும் விழுந்துவிடும். ஏன் என்று கேட்காதீர்கள். எங்கள் புணர்ச்சி விதியை வெள்ளைக்காரர் கேட்டால் நாங்கள் என்ன சொல்லுவோம்?

மூத்தன், குன்னன், வில்லன், மோகன். கூத்துக்கு ஆள் சேர்த்த மாதிரி இருக்கிறது, ஆனால் நாலும் நல்ல வினைகள். வேணும், முடியும், விருப்பம், அனுமதி. நாலுக்கும் முன்னால் ‘ஹத்’ போட்டால் தவறவிட்டதெல்லாம் வந்துவிடும். ‘ஹத் யெ கெபெல்த், தன் ஹத் இக் குன்னன் கோமன்’: நீ போன் பண்ணியிருந்தால் நான் வந்திருக்க முடியும். இதில் ஆங்கிலத்து ‘இஃப்’ போல ஒரு சொல் இல்லை, பாருங்கள். வினையே முன்னுக்கு வந்து அந்த வேலையைச் செய்கிறது. எங்களுக்கும் ‘பண்ணியிருந்தால்’ என்று வினைக்குள்ளேயே அது இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைக்கு இதைத் தமிழிலேயே விளங்கப்படுத்தலாம். ஆனால் இங்கே டச்சு படிப்பிக்கிறவர்கள் முதலில் ஆங்கில வசனத்தை எழுதி, அதுக்குக் கீழே டச்சை எழுதுகிறார்கள். ஆங்கிலத்திலும் ‘ஹாவ்’ செயலோடுதானே ஒட்டுகிறது? ‘ஷுட் ஹாவ் கோல்ட்’டைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் திரும்பவும் அந்தப் பிள்ளை சொன்ன பிழை வசனத்துக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்போம்.

பழசைக் கிளறாமல் முன்னேறுகிற வழியைப் பார் என்றும் அந்தப் பதிவுக்காரர் எழுதியிருந்தார். மேடையில் சொல்லக் கேட்க நல்லாயிருக்கும். ஆனால் அந்த நாட்டில் கடிதங்கள் இந்த வசனத்தில்தான் வரும். ‘ஊ ஹத் ஏர்டர் மூத்தன் பெல்லன்’: நீங்கள் முந்தியே போன் பண்ணியிருக்க வேணும். இதில் ‘மூத்தன்’ மட்டும் தெரிந்த பிள்ளை, ‘சரி, இனிப் பண்ணவேணும்’ என்று ஆறுதலாக இருக்கும். காலம் போய்விட்டது என்று கடிதம் சொல்கிறது, பிள்ளைக்குக் கேட்கவில்லை.

அரசாங்கமே இந்த வசனத்தில்தான் தலைகுனிகிறது. ‘தத் ஹத் நோய்த் மோகன் கெபூரன்’, அது ஒருபோதும் நடந்திருக்கக் கூடாது. அமைச்சர்களும் நிறுவனங்களும் மன்னிப்புக் கேட்கும்போது வழக்கமாக வருகிற வசனம். பிள்ளைப் பராமரிப்பு உதவிப்பணம் எடுத்த ஆயிரக்கணக்கான பெற்றோரை மோசடிக்காரர் என்று பிழையாக முத்திரை குத்தி, கடனில் தள்ளி, கடைசியில் 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது. வெளிநாட்டுப் பின்னணிக் குடும்பங்கள் பெருமளவில் அகப்பட்டன. ஒரு கையெழுத்து விடுபட்டதற்கும் முழுக் காசையும் திருப்பிக் கேட்டார்கள். அப்படி நடந்த நாட்டில், ‘அனுப்பியிருக்க வேணும், அனுப்பவில்லை’ என்பதையும் ‘அனுப்பியிருப்பேன்’ என்பதையும் பிரித்துச் சொல்லத் தெரியாமல் ஒரு பிள்ளையை அனுப்புவது சின்ன விசயமா?

வருத்தத்துக்கு மட்டும் இல்லை, அன்புக்கும் இதே ‘ஹத்’தான். மகள் வீட்டுப் பக்கத்து மனுசிக்கு ஒரு நாள் கொஞ்சம் உழுந்து வடை கொண்டுபோய்க் கொடுத்தேன். ‘தத் ஹத் நீத் கெஹூவன்’ என்றா. அகராதியைப் பார்த்தால் ‘அது தேவைப்பட்டிருக்கவில்லை’ என்று வந்தது. மனம் நொந்து இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு மகள் சிரித்துக்கொண்டு சொன்னாள், ‘அம்மா, அது நாங்கள் உதெல்லாம் என்னத்துக்கு எண்டு சொல்லுறமே, அதுதான்.’

1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டுவிட்டுப் போனவர்களின் மொழி இது. கந்தோர், லாச்சி, போஞ்சி என்று அவர்களின் சொற்களை வீட்டுக்குள் வைத்திருக்கிறோம். பெயர்ச்சொல் மட்டும் வாங்கியிருக்கிறோம், ஒரு துணைவினை கூட வாங்கவில்லை.

2022 முதல் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் பொதுவாகப் பி1 மட்டத்தை நோக்கிப் படிக்கவேண்டும் என்பது சட்டம். அந்த வகுப்பில் இது வரும்தானே என்று கேட்பீர்கள். வரும். அதுக்கு முந்திக் கடிதம் வந்துவிடும்.

அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு குரல்பதிவு அனுப்பினேன். டச்சிலேயே சொன்னேன்: ‘இக் ஹத் ஹெத் யெ ஏர்டர் மூத்தன் லேரன்.’ முந்தியே உனக்கு இதைப் படிப்பித்திருக்க வேணும். அவள் உடனே திருப்பி எழுதினாள், ‘ரீச்சர், இப்ப ஹத் சரியான இடத்தில இருக்கு.’

வருகிற சனி பின்னேரம் நாலு மணிக்கு வட்ஸ்அப் வகுப்பு. முதல் பாடமே இதுதான். வரப்போகிறவர்கள் கீழே பெயரைப் போடுங்கள். நூறு வசனக்காரரும் வரலாம், கட்டணம் இல்லை.