எத்தியோப்பியாவைப் பார்க்கிறோம், மலாவியை மறக்கிறோம்

கிழக்கு ஆப்பிரிக்கா என்றாலே அண்மைக் காலமாக எத்தியோப்பியாதான் செய்திகளில் அடிபடுகிறது. 2024 செப்டம்பர் இறுதியில் ஃபெந்தாலே எரிமலையை ஒட்டிய பகுதியில் நிலம் அதிரத் தொடங்கியது. மாதக்கணக்கில் நடுக்கங்கள் தொடர்ந்ததால் பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டனர். 2025 நவம்பரில் அதற்கு வடக்கே, அஃபாரில், ஹைலி குப்பி எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் இந்தியா வரை சென்று விமானச் சேவைகளைப் பாதித்தது.

ஆனாலும் ஃபெந்தாலே நடுக்கங்களில் ஆகப் பெரியது 2025 பிப்ரவரியில் பதிவான 6.0 தான். மாதக்கணக்கில் அதிர்ந்த நிலம் ஏன் அதற்கு மேல் போகவில்லை?

ஒரு கண்டம் இழுபட்டுப் பிளக்கத் தொடங்கும்போது, முதலில் உடைவது விளிம்புகள். பள்ளத்தாக்கின் ஓரங்களில் நீண்ட பிளவுக்கோடுகள் உண்டாகி, நடுவிலுள்ள நிலம் கீழே இறங்குகிறது. எத்தியோப்பியா அந்தக் கட்டத்தைப் பெரும்பாலும் கடந்துவிட்டது. அங்கே இழுவை இப்போது நடுப்பகுதிக்கு மாறியிருக்கிறது. பூமிக்கடியிலிருந்து எரிமலைக் குழம்பு மெல்லிய சுவர் போலப் பாறைக்குள் ஏறி, விலகும் இடத்தை நிரப்பிவிடுகிறது. 2005ல் அஃபாரின் தப்பாஹு பகுதியில் 60 கிலோமீட்டர் நீளத்திற்கு நிலம் சில வாரங்களில் விலகியது. சில இடங்களில் 8 மீட்டர் வரை! அப்போதும் எந்த நடுக்கமும் 6ஐ எட்டவில்லை. விளிம்பு அடியோடு ஓய்ந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. 1961ல் அஃபாரின் மேற்கு விளிம்பில் ஏற்பட்ட நிலநடுக்கம் மஜெத்தே என்ற ஊரையே தரைமட்டமாக்கியது.

பாடநூல் வரைபடங்களில் இந்தப் பிளவுப் பள்ளத்தாக்கை ஒரே கோடாக வரைந்துவிடுகிறார்கள். உண்மையில் அதற்கு இரண்டு கிளைகள் உண்டு. மேற்குக் கிளையின் தென்கோடியில் இருக்கிறது மலாவி. அங்கே எரிமலைக் குழம்பு மிகக் குறைவு. ஆகவே இழுவையை இன்னும் விளிம்புப் பிளவுக்கோடுகளே பெரும்பாலும் தாங்குகின்றன. மலாவி ஏரி ஏறத்தாழ 700 மீட்டர் ஆழம் கொண்டிருப்பதும், இந்தக் கோடுகளை ஒட்டி நிலம் இறங்கிக்கொண்டே வந்ததால்தான்.

ஒரே நேரத்தில் உடையும் கோடு எவ்வளவு நீளமோ, நிலநடுக்கமும் அவ்வளவு பெரிது. தென் மலாவியின் பிலிலா-ம்டகடகா பிளவுக்கோடு 100 கிலோமீட்டருக்கும் நீளமானது. அது முழுவதும் ஒன்றாக உடைந்தால் அளவு 7ஐத் தாண்டும். இந்தக் கிளைக்கு அது புதிதும் அல்ல. 1910ல் தான்சானியாவின் ருக்வா பகுதியில் 7.4 பதிவானது.

சிக்கல் என்னவென்றால், இங்கே நிலம் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான் விலகுகிறது. ஒரே கோட்டில் இரண்டு பெரிய நடுக்கங்களுக்கு இடையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழியலாம். கருவிகளின் பதிவோ நூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதல். அதை மட்டும் பார்த்து 'இங்கே ஆபத்து குறைவு' என்று முடிவுகட்டுவது, ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு நாவலுக்கு விமர்சனம் எழுதுவது போன்றது.

1989ல் மலாவியின் சலிமாவைத் தாக்கிய நிலநடுக்கம் 6ஐச் சற்றே தாண்டியது. 9 பேர் இறந்தனர். ஆனால் வீடிழந்தவர்கள் ஏறத்தாழ 50,000 பேர். கிராமங்களில் செங்கல்லை இன்றும் பெரும்பாலும் சேற்றுக் கலவையில்தான் அடுக்குகிறார்கள். பாதுகாப்பாக வீடு கட்டுவதற்கான வழிகாட்டி நூல் அந்நாட்டில் இருக்கிறது. சிமெண்டு வாங்கப் பணமில்லாத குடும்பம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?