அழையாத குரல்கள்

வாயிலுக்கு வருவோரை வரவேற்று, அமரச் செய்து, தண்ணீர் கொடுத்த பின்னரே வந்த காரியத்தைக் கேட்பது நம் மரபு. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய பின்னும் நாம் அப்பண்பைக் கைவிடவில்லை. ஆனால், இன்று நம் வீட்டுக்கு வாயில் ஒன்றன்று. சட்டைப் பையிலுள்ள கைப்பேசியும் ஒரு வாயிலே. அங்கே நாள்தோறும் அழையாத குரல்கள் வந்து நிற்கின்றன. கடன் வேண்டுமா என்று கேட்கிறது ஒன்று. மனை வாங்குங்கள் என்கிறது மற்றொன்று. உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது என்று மிரட்டுகிறது வேறொன்று. இவற்றிடம் எவ்வாறு நடந்துகொள்வது என்பதை இத்திங்கள் ஆராய்வோம்.

இத்தொல்லை நேற்று முளைத்ததன்று. 1978ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்கக் கணிப்பொறி நிறுவனம் ஒன்றின் விற்பனை அலுவலரான கேரி துர்க் என்பவர், தம் நிறுவனத்தின் புதிய பொறிகளைப் பற்றி ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே சமயத்தில் மின்னஞ்சல் விடுத்தார். பெற்றவர் பலர் சினந்தனர். ஆயினும் விற்பனை நன்றாகவே நடந்தது என்று அவர் பின்னாளில் கூறினார். 1994ஆம் ஆண்டு ஏப்ரலில் அரிசோனா மாநிலத்து வழக்கறிஞர் தம்பதியர் இருவர், கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பம் செய்து தருவதாக ஆயிரக்கணக்கான கணிப்பொறி உரையாடல் குழுக்களில் விளம்பரம் இட்டனர். அக்குலுக்கலுக்கு அந்நாளில் தாமே கட்டணமின்றி விண்ணப்பிக்க முடிந்தது; அவர்களோ அதற்குப் பணம் கேட்டனர். அவர்கள் குறிவைத்தது யாரை? பிறந்த மண்ணை விட்டு வேற்று மண்ணில் வேர்விட ஏங்கிய மக்களை அன்றோ!

இவ்விரு செய்திகளும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. ஆயிரம் பேர் சினந்தாலும் இவர்களுக்கு நட்டமில்லை. ஒருவர் இசைந்தால் போதும். ஆதலின், நம் சினம் இவர்களைத் திருத்தாது. நாம் தரும் மறுமொழியே இவர்களுக்கு உணவு.

அழையாத குரல்களுள் இரு வகை உண்டு. முதல் வகை, பொருளை விற்க வருவது. பேசுபவர் பெரும்பாலும் மாதச் சம்பளத்துக்கு உழைக்கும் இளைஞரே. அவரை வைவதால் பயனில்லை. ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லோடு இணைப்பைத் துண்டிப்பது முறையே. அதில் பண்புக்குறைவு ஏதுமில்லை. இத்தகைய அழைப்புகளைத் தடுக்க 2007 முதல் நம் நாட்டில் பதிவேடு உண்டு. 1909 என்ற எண்ணுக்கு அழைத்தோ குறுஞ்செய்தி அனுப்பியோ, வணிக அழைப்புகள் முற்றிலும் வேண்டாம் என்றோ, வங்கி, மனை, கல்வி எனத் துறை பிரித்தோ பதிவு செய்துகொள்ளலாம். அதன் பின்னும் தொல்லை தொடருமாயின், அழைத்த எண்ணையும் நாளையும் குறித்து அதே வழியில் முறையிடலாம். 2025இல் திருத்தப்பட்ட விதியின்படி, அழைப்பு வந்த 7 நாட்களுக்குள் முறையிட வேண்டும்.

இரண்டாம் வகை, வஞ்சிக்க வருவது. சட்டத்துக்கு அஞ்சாத இக்கூட்டத்தை எந்தப் பதிவேடும் தடுக்காது. உங்கள் பெயரில் வந்த பொட்டலத்தில் போதைப்பொருள் இருந்தது என்பர். உடனே ‘போலீஸ் அதிகாரி’ ஒருவர் சீருடையோடு வீடியோவில் தோன்றுவார். நீங்கள் ‘டிஜிட்டல் கைது’ செய்யப்பட்டிருக்கிறீர்கள், அறையை விட்டு நகரக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது என்பார். சோதனைக்காகப் பணத்தை ஒரு கணக்குக்கு மாற்றச் சொல்வார். அன்பர்களே, நம் நாட்டுச் சட்டத்தில் இவ்வாறு ஒரு கைது கிடையவே கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமர் தம் வானொலி உரையிலும் இதைத் தெளிவாக எடுத்துரைத்தார்.

புலம்பெயர்ந்த நமக்கு இதில் தனி அபாயம் உண்டு. அயல்மொழி சூழ்ந்த ஊரில் தமிழ்க்குரல் ஒன்று ‘வணக்கம்’ என்றதும் நம் நெஞ்சு நெகிழ்கிறது. யார் எவர் என்று கேளாமலே நம்பிவிடுகிறோம். அதிகாரத் தோரணையில் இந்தி ஒலித்தாலோ, மொழி முழுதும் புரியாத நம் முதியோர் நடுங்கிப் போகின்றனர். அண்டை வீட்டாரிடம் விளக்கிச் சொல்லவும் நா எழுவதில்லை. பகலில் தனித்திருக்கும் தாய் தந்தையரும், ஊரில் நம் குரலுக்குக் காத்திருக்கும் பெற்றோருமே முதலில் சிக்குகின்றனர். ‘உங்கள் மகன் தில்லியில் விபத்தில் சிக்கியிருக்கிறான்’ என்றால் எந்தத் தாயின் கை நடுங்காது?

இன்னொரு துயரமும் உண்டு. வஞ்சகக் குரல்களுள் சில, தாமே வஞ்சிக்கப்பட்டவர்களின் குரல்கள். வெளிநாட்டில் கணினி வேலை என்று ஆசை காட்டி அழைத்துச் செல்லப்பட்டு, மோசடிக் கூடங்களில் அடைபட்டு, இத்தொழிலில் ஈடுபடுத்தப்பட்ட இளைஞர் பலர். 2022இல் மியான்மரின் மியாவடியிலிருந்து மீண்டவர்களுள் தமிழ்நாட்டு இளைஞரும் இருந்தனர். வேலை தேடி ஊரைவிட்டு வந்த நாம் இதை மறத்தல் ஆகாது. வசைமொழி அந்தக் கூடத்தின் முதலாளியைச் சென்று சேராது. வசை வேண்டாம், செவி சாய்க்கவும் வேண்டாம்.

பின் செய்யத்தக்கது யாது? குரல் மிரட்டினால் துண்டித்துவிடுங்கள். உண்மையோ என்ற ஐயம் எழுந்தால், அவர்கள் தந்த எண்ணுக்கன்று, நீங்கள் முன்பே அறிந்த எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள். குடும்பத்தார் மட்டும் அறிந்த அடையாளச் சொல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்று பணம் கேட்கும் குரல் அச்சொல்லைச் சொல்லட்டும். பணம் பறிபோனால் ஒரு நாழிகையும் தாழ்த்தாது 1930 என்ற எண்ணை அழையுங்கள். விரைந்து சொன்னால், பணம் கைமாறுமுன் வங்கி அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. பணம் போகாத வஞ்சக அழைப்பாயின், மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் ‘சக்ஷு’ என்ற பகுதியில் தெரிவிக்கலாம்.

இவை யாவற்றினும் பெரிய காப்பு ஒன்றுண்டு. ‘யாரிடமும் சொல்லாதே’ என்பதே வஞ்சகரின் முதற் கட்டளை. ஆகவே, உடனே யாரிடமேனும் சொல்லிவிடுவதே நம் முதற் கடமை. ஏமாந்தவரைப் பார்த்து ‘படித்தவர்தாமே, இது தெரியாதா?’ என்று நகைப்பவர், அடுத்து ஏமாறுபவரின் வாயை அடைக்கிறார். பணத்தை இழந்தவர்க்கு மானத்தையும் இழக்க நேருமோ என்ற அச்சம் இருக்கலாகாது. அழையாத குரலிடம் மௌனமும், நம்மவரிடம் மனம் திறந்த பேச்சும் வேண்டும். இன்றிரவே ஊரிலுள்ள பெற்றோரை அழைத்து, அந்த அடையாளச் சொல்லைப் பேசி முடிவு செய்யுங்கள்.