சார்லட்டையும் படியுங்கள்

'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' பணக்கார மாப்பிள்ளைக் கனவு, அம்பத்தூர்ப் பெண்ணுக்கு அதில் ஒன்றுமில்லை என்கிறார் நண்பர். அவர் பணக்கார நாயகன் டார்சியோடு நின்றுவிட்டார். 1813இல் வெளிவந்த அந்த நாவலில், ஐந்து மகள்கள் இருந்தும் பென்னட்டின் சொத்து உறவுக்கார ஆண் காலின்ஸுக்கே போகும். அந்தக் காலின்ஸை 27 வயது சார்லட் காதலே இல்லாமல், பிழைப்புக்காகக் கட்டிக்கொள்கிறாள். இதுவா கனவு? இங்கு மட்டும் என்ன? தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு 1989இல்தான் வந்தது. அதற்குமுன் மணமானவர்களுக்கு 2005 வரை அதுவும் இல்லை. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். இன்றும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் சம்பந்தம் பேசும்போது "எத்தனை பவுன் போடுவீங்க?" என்ற கேள்வி வருகிறது. தொழிற்பேட்டையில் நாளெல்லாம் நின்று சம்பாதிக்கும் பெண்ணின் வீட்டிலும்தான். நாவலில் பென்னட்டின் மகள் எலிசபெத் காலின்ஸை மறுத்தாள். டார்சி முதலில் கேட்டபோது அவனையும் மறுத்தாள். அந்த மறுப்பு அம்பத்தூருக்கு வேண்டாம் என்று சொல்ல அந்த நண்பர் யார்?